பாரிஸில் ஒரு பிஸ்த்ரோ மேசை: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்கப் பாரிஸ் போய்த் திரும்பிய எங்கள் ஊரவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஈபிள் கோபுரம், லூர்து மாதா கோயில், லாச்சப்பல் கடைத்தெரு, அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயம். என்ன சாப்பிட்டீர்கள் என்றால், மகள் வீட்டில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். விசாவில் கிடைத்த தொண்ணூறு நாளும் பிரான்சில் இருந்துவிட்டு, ஒரு நேரமேனும் ஒரு பிரெஞ்சுக் கடையில் உட்கார்ந்து சாப்பிடாமல் வந்துவிடுகிறார்கள். "அதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு இது பெரிய மனக்குறை. அந்தக் கடைகளின் குசினிகளில் எங்கள் பிள்ளைகள் எண்பதுகளிலிருந்து நின்று உழைக்கிறார்கள். கோண்டாவிலிலும் சாவகச்சேரியிலும் எத்தனையோ வீடுகளின் கூரை அவர்கள் கோப்பை கழுவி அனுப்பிய காசில் எழுந்தது. என் தம்பியும் அப்படித்தான். பதினொரு வருடம் கோப்பை கழுவினான், பிறகு மரக்கறி வெட்டினான், இப்போது சமைக்கிறான். அவன் ஒரு பிஸ்த்ரோவில் வாடிக்கையாளராக முதன்முதலில் உட்கார்ந்தது, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டுபோன நாளில்தான். அன்றைக்கும் பிறகும் நான் கற்றுக்கொண்டதை, புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பிஸ்த்ரோ என்பது எப்படிப்பட்ட இடம்

பிரெஞ்சு உணவகம் என்றதும் வெள்ளை மேசைவிரிப்பு, வரிசையாக ஆறு கரண்டி, கழுத்துப்பட்டி கட்டிய பரிசாரகர் என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. பிஸ்த்ரோவில் இவற்றைத் தேடவேண்டாம். தெருமூலையில் முப்பது நாற்பது பேர் இருக்கக்கூடிய சின்னக் கடை அது. உள்ளே நுழைந்ததும் உலோகத் தகடு பதித்த உயரமான மேடை ஒன்று தெரியும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் முதலாளியே நிற்பார். பல இடங்களில் மேசைவிரிப்பு வெறும் கடதாசிதான். அக்கம்பக்கத்தவர்கள் வேலை முடிந்து வந்து சாப்பிடுகிற இடம். புதுச்சேலை தேவையில்லை, சப்பாத்தும் சுத்தமான உடுப்பும் போதும்.

பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1814இல் பாரிஸுக்குள் வந்த ரஷ்யப் படைவீரர்கள், சாப்பாடு சீக்கிரம் வரவேண்டுமென்று தங்கள் மொழியில் "பிஸ்த்ரா" என்று கத்தினார்களாம், அதுவே பெயராகிவிட்டதாம். நல்ல கதைதான். ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 1880களில். இடையில் எழுபது ஆண்டுகள் கிடப்பதால் சொல்லாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே எதுவும் சீக்கிரம் நடக்காது என்பதுதான். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, உண்மையும் கூட, ஓவெர்ன் மலைநாட்டவர்களின் கதை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள அந்த வறிய மலைகளிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்தவர்கள் அவர்கள். முதலில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தார்கள், பிறகு விறகும் நிலக்கரியும் விற்றார்கள். கணவன் கரிமூட்டை சுமந்துபோக, மனைவி கடையிலிருந்து வைன் வார்த்துக் கொடுப்பாள். பாரிஸின் பல பிஸ்த்ரோக்கள் இப்படிப்பட்ட கரிக்கடைகளிலிருந்து வளர்ந்தவை. தென்னிலங்கையின் ஊர்களில் சுருட்டுக்கடை வைத்துக் குடும்பத்தை நிமிர்த்திய எங்கள் பாட்டன்மாரை நினைத்துப் பாருங்கள், இந்த மனிதர்கள் அந்நியர்களாகத் தெரியமாட்டார்கள்.

இன்னொன்று. 1619இலிருந்து 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள் பல, பிரெஞ்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். நாங்கள் குசினி என்கிறோம், அவர்கள் குய்ஸீன் என்கிறார்கள். எங்களுடைய பாண் அவர்களுக்குப் பேன். சுவரோரம் நீளமாகப் போட்டிருக்கும் இருக்கையை அவர்கள் பாங்கெத் என்பார்கள், அது எங்கள் வாங்கின் உறவு. எல்லாம் இலத்தீன் வழிவந்த மொழிகளின் பங்கு. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த இறுக்கம் பாதி போய்விட்டது.

யாழ்ப்பாணத்திலேயே செய்யவேண்டியவை

புறப்படுவதற்கு முன் இரண்டு வேலைகள். முதலாவது, கத்தியும் முள்ளுக்கரண்டியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொரித்த கோழிக்காலையும் அவித்த உருளைக்கிழங்கையும் கோப்பையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பழகுங்கள். இடது கையில் முள்ளு, வலது கையில் கத்தி. முள்ளால் இறுக்கிப் பிடித்து, அதற்குப் பக்கத்தில் சிறிதாக வெட்டி, வெட்டிய துண்டை அப்போதே வாயில் வையுங்கள். முழுவதையும் வெட்டி அடுக்கிவைத்தால் ஆறிப்போகும். நான்கு ஞாயிறு போதும், கை பழகிவிடும்.

இரண்டாவது, ஒரு சிறு அட்டை. பிரெஞ்சு படிக்கிற பிள்ளை அயலில் யாராவது இருந்தால், நீங்கள் சாப்பிடாதவற்றைப் பெரிய எழுத்தில் பிரெஞ்சில் எழுதித் தரச்சொல்லுங்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மீன், முட்டை, எது உங்களுக்கு ஆகாதோ அது. இறால், நண்டு, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதுங்கள். உணவில் ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள் எவை என்ற விவரத்தைக் கடைக்காரர் எழுத்தில் வைத்திருக்க வேண்டுமென்பது அங்கே சட்டம். அட்டையைக் காட்டினால் அவர் சரிபார்த்துச் சொல்வார்.

எந்த நாள், எந்த நேரம்

இங்கே மூன்று மணிக்குப் போனாலும் சோறு கிடைக்கும். அங்கே குசினிக்கு நேரம் உண்டு. மதியம் 12 மணியிலிருந்து 2 மணி அல்லது 2.30 வரை, இரவு 7 அல்லது 7.30இலிருந்து 10 மணி சுமார் வரை. இடைப்பட்ட நேரத்தில் கதவு திறந்திருந்தாலும் கோப்பிதான் கிடைக்கும். முதல் தடவைக்கு மதியத்தையே தெரிவுசெய்யுங்கள், விலை குறைவு. 12.15க்குப் போனால் இடமும் கிடைக்கும். இரவென்றால் மகனிடமோ மகளிடமோ சொல்லி முன்கூட்டியே தொலைபேசியில் மேசை ஒதுக்கிவிடுங்கள்.

ஓகஸ்டில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லாச்சப்பல் தேர் பார்க்கவென்று பலர் அந்த மாதத்தில்தான் போகிறார்கள். குடும்பமாக நடத்தும் பிஸ்த்ரோக்களில் பல அப்போது இரண்டு மூன்று வாரம் விடுமுறைக்காகப் பூட்டியிருக்கும். ஞாயிறும் திங்களும் பூட்டுகிற கடைகளும் உண்டு. அதே காலத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று மச்சம் தொடாமல் இருப்பவர்கள், விரதம் முடிந்தபின் ஒரு நாளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். பிஸ்த்ரோவில் சைவச் சாப்பாடு உண்டு, ஆனால் தெரிவுகள் குறைவு.

வாசலில்

உள்ளே காலெடுத்து வைத்ததும் "போன்ஜூர்" சொல்லுங்கள். மாலை என்றால் "போன்ஸ்வார்". இதைச் சிறிய விஷயமாக எடுக்கவேண்டாம். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பது அந்த நாட்டில் பெரும் மரியாதைக்குறைவு, பரிசாரகரின் முகம் அங்கேயே மாறிவிடும். அந்த ஒரு சொல்லைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் மற்றத் தடுமாற்றங்களை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிறகு எத்தனை பேர் என்று விரலால் காட்டிவிட்டு நில்லுங்கள். வெறுமையாக இருக்கிறதென்று நீங்களாகப் போய் ஒரு மேசையில் உட்காரவேண்டாம். அவர் இடம் காட்டுவார். மேசைகள் நெருக்கமாக இருப்பதால், சுவரோரத்து வாங்கில் நீங்கள் போய் இருக்க அவரே மேசையை வெளியே இழுத்துவிட்டு, பிறகு உள்ளே தள்ளிவிடுவார். வயதானவர்களை அந்தப் பக்கம் இருத்துங்கள், முதுகுக்குச் சாய்மானம் கிடைக்கும்.

அழைக்கவேண்டுமானால் "மெஸ்யூ" அல்லது "மதாம்". கையைத் தட்டுவதோ உரத்துக் கூப்பிடுவதோ வேண்டாம்.

கரும்பலகை

உட்கார்ந்ததும் பரிசாரகர் ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்திலிருக்கும் வெறுங்கதிரையில் சாய்த்துவிட்டுப் போவார். எங்கள் மேசைக்கு அருகிலும் அப்படியே வைத்தார். பள்ளிக்கூடத்துப் பலகைபோல, சோக்கில் சாய்வெழுத்து, ஒரு வரி பாதி அழிந்திருந்தது. அந்தச் சாப்பாடு முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னான். அன்றைக்குச் சந்தையில் வாங்கியதை அன்றைக்கே எழுதுவதுதான் அந்தப் பலகையின் அர்த்தம். நீளமான அச்சடித்த பட்டியலைவிட, ஐந்தாறு வரிகள் உள்ள பலகையை நான் நம்புவேன். மூடியின் இடத்தில் வீட்டுக் கூரை வைத்த ஒரு சட்டியின் படம் சில கடைகளில் இருக்கும். 2014இலிருந்து உள்ள அடையாளம் அது, அந்தக் கடையிலேயே சமைத்தது என்று பொருள்.

பலகையை இப்படி வாசியுங்கள். "அந்த்ரே" முதலில் வரும் சிறு சாப்பாடு. "ப்ளா" முக்கியமான சாப்பாடு. "தெஸேர்" இனிப்பு. "ஃபோர்முல்" என்று எழுதியிருந்தால் இவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரே விலை. மூன்றும் சேர்ந்தது "மெனு". தனித்தனியாக எடுப்பதைவிட ஃபோர்முல் மலிவு. முதல் தடவை போகிறவர்கள் ப்ளாவும் தெஸேரும் எடுத்தால் வயிற்றுக்கும் கணக்குக்கும் பொருந்தும். பாரிஸில் மதிய ஃபோர்முல் பொதுவாக 15 முதல் 25 யூரோவுக்குள் இருக்கும். பலகையில் இருக்கும் விலைதான் முடிந்த விலை. வரி, சேவைக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இனி இறைச்சிகள். இவற்றை மனப்பாடமே செய்துவிடுங்கள். பெஃப் மாடு, வோ கன்றிறைச்சி, போர் பன்றி, அன்யோ செம்மறிக்குட்டி, பூலே கோழி, கனார் தாரா, லாபான் முயல், புவாஸோன் மீன். ஜாம்போனும் லார்தோனும் பன்றியிலிருந்து வருபவை. லார்தோன் சிறு துண்டுகளாகச் சலாதுக்குள் ஒளிந்திருக்கும், ஆகவே சலாது என்று கண்டதும் மரக்கறி என்று முடிவுசெய்துவிடவேண்டாம். வெங்காய சூப்புக்கு மாட்டெலும்புச் சாறு சேர்ப்பது வழக்கம். உருளைக்கிழங்கைத் தாராக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. "ஓ வான்" என்று முடிகிற பெயரென்றால் வைனில் வேகவைத்தது.

சில பெயர்களுக்கு முன்னெச்சரிக்கை வேண்டும். "தார்தார்" என்றால் பச்சை இறைச்சி அல்லது பச்சை மீன். சமைக்கமாட்டார்கள், அப்படியே கொத்திக் கலந்து தருவார்கள். "அந்தூயெத்" பன்றிக்குடலில் செய்தது, மணத்தைத் தாங்க முடியாது. "பூதான் நுவார்" பன்றி இரத்தத்தில் செய்தது. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களிடம் எப்படி வாட்டவேண்டும் என்று கேட்பார்கள். "சென்யான்" என்றால் உள்ளே இரத்தம் தெரியும், "ஆ புவான்" நடுத்தரம், அதிலும் உள்ளே சிவப்பு இருக்கும். எங்கள் நாக்குக்கு "பியான் க்வீ" என்று சொல்லுங்கள், நன்றாக வெந்தது. தாராவிலும் "மக்ரே" என்பது நெஞ்சிறைச்சி, உள்ளே இளஞ்சிவப்பாகத்தான் வரும். "கோன்ஃபி" கேட்டால் பயமில்லை.

அந்தக் கோன்ஃபியைத்தான் எங்களுக்கு முதல் தடவை தம்பி சொல்லித் தந்தான். தாராக்காலை உப்பில் ஊறவிட்டு, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்காகச் சிறு நெருப்பில் வேகவிட்டு, கடைசியில் தோல் முறுகும்வரை சூடாக்கித் தருவார்கள். கோப்பை வந்தபோது தோல் பொன்னிறமாகச் சுருங்கியிருந்தது. அம்மா கத்தியை எடுத்து அழுத்தப் போனார், அழுத்தத் தேவையே இருக்கவில்லை. முள்ளு பட்டதும் இறைச்சி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. பக்கத்தில் உள்ளியும் பார்ஸ்லியும் போட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு. அம்மா ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, உப்புக் கணக்கு சரி என்று சொன்னார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மச்சம் சாப்பிடாதவர்கள் "சான் வியான்த், சான் புவாஸோன்" என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். சூடாக்கிய ஆட்டுப்பாற்கட்டி வைத்த சலாது பல இடங்களில் கிடைக்கும், லார்தோன் வேண்டாமென்று சேர்த்துச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கைப் பாலாடையில் அடுக்கிச் சுட்ட கிராத்தான், கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த ரத்தத்தூய், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஓம்லெட். பலகையில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்க்கலாம். மதிய நெரிசல் குறைந்த பிறகு கேட்டால் பல குசினிகள் செய்து தரும் என்று தம்பி சொல்கிறான்.

தெரிவுசெய்து முடிந்ததும், பலகைக்குப் பதிலாகக் கையில் உணவுப்பட்டியல் அட்டை தந்திருந்தால் அதை மூடி மேசையில் வையுங்கள். நாங்கள் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். திறந்து வைத்துக்கொண்டிருந்தால், இன்னும் யோசிக்கிறீர்கள் என்று அவர் வரமாட்டார்.

தண்ணீரும் பாணும்

வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் போத்தல் வரும், அதற்குக் காசு. "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், காசில்லை. பாணுக்கும் சாதாரணத் தண்ணீருக்கும் தனிக்காசு வாங்கக்கூடாதென்று 1967இலேயே அங்கே விதி போட்டிருக்கிறார்கள். வைன் எடுப்பீர்களா என்று கேட்டால் "நோன், மெர்சி" போதும். யாரும் ஒருமாதிரிப் பார்க்கமாட்டார்கள்.

பாணுக்குத் தனிக்கோப்பை தேடவேண்டாம். மேசையிலேயே வைத்து, கையால் பிய்த்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். முடிந்தால் இன்னும் கேட்கலாம். கடைசியில் கோப்பையிலிருக்கும் குழம்பை ஒரு துண்டுப் பாணால் துடைத்துச் சாப்பிட பிஸ்த்ரோவில் தடையில்லை. சம்பலை வழித்துச் சாப்பிட்ட கைகளுக்கு இது தானாக வரும். அந்த நீளப் பாணைப் பிய்க்கும்போது, 2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெத் பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா என்ற இலங்கைத் தமிழர் என்பதையும், அந்தப் பரிசுக்குரியவர் ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுப்பார் என்பதையும் பக்கத்திலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான் சொன்னேன்.

சாப்பிடும்போது

உறைப்பு இருக்காது. வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டுபோய் மேசையில் தூவவேண்டாம், சமைத்தவருக்கு மனம் நோகும். முதலில் இருந்தபடியே நான்கு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகும் வேண்டுமானால் கடுகுக் களி கேளுங்கள், "முதார்த்" என்பார்கள். நாக்கில் எரியாது, மூக்கில் ஏறும். கரண்டி நுனியளவு போதும்.

ஒருவர் கோப்பையில் மற்றவர் கை வைத்துப் பகிர்வது அங்கே குறைவு. பகிர விருப்பமானால் இன்னொரு வெறுங்கோப்பை கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்குப் பொரியலைக் கையால் எடுக்கலாம். மட்டி கேட்டவர்கள், முதல் மட்டியின் வெறும் ஓட்டையே இடுக்கிபோலப் பிடித்து மற்றவற்றின் சதையை எடுப்பார்கள். எல்லோருக்கும் சாப்பாடு வந்த பிறகே தொடங்குங்கள். முடிந்ததும் கத்தியையும் முள்ளையும் கோப்பையில் பக்கம் பக்கமாகச் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் எடுக்கமாட்டார்கள். கைதுடைக்கும் கடதாசியை மட்டும் கிளாசுக்குள் திணிக்காதீர்கள் என்று தம்பி கேட்டுக்கொண்டான். ஈரத்தில் ஊறிய கடதாசியை விரல் விட்டு எடுக்கிறவன் உள்ளே ஒருவன் நிற்கிறான். அன்றைக்குச் சாப்பாடு முழுவதும், குசினிக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் தம்பியின் கண் அங்கே போய் வந்தது.

மிச்சமானால் கட்டித் தரச்சொல்லலாம். 2021 ஜூலை முதல், கேட்டால் அதற்கான பெட்டி கொடுக்கவேண்டும் என்பது சட்டம்.

இனிப்பில் க்ரெம் ப்ருலே எடுங்கள். எங்கள் வட்டிலப்பம்போல முட்டையும் பாலாடையும், மேலே சீனியை எரித்த கண்ணாடித் தகடு. கரண்டியின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டி உடைக்கவேண்டும். கோப்பி அதற்குப் பிறகுதான் வரும், சாப்பாட்டோடு வராது. சின்னக் கிண்ணத்தில் கடுங்கோப்பி, பால் இருக்காது. பால்தேத்தண்ணி வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம்.

கணக்குத் தீர்த்தல்

நீங்கள் கேட்கும்வரை கணக்குத்துண்டு வராது. காத்திருந்து சலிக்காதீர்கள், உங்களை எழுப்பக்கூடாதென்ற மரியாதை அது. "லதிஸியோன், சில் வூ ப்ளே" என்று சொல்லுங்கள். வந்ததும் வாசித்துப் பாருங்கள், அதில் வெட்கம் வேண்டாம். சேவைக் கட்டணம் விலையிலேயே இருப்பதால் மேலதிகமாக வைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நன்றாகக் கவனித்தார் என்றால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் விட்டுவிட்டு வரலாம். யார் காசு கட்டுவது என்ற இழுபறியை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேசைகள் அவ்வளவு நெருக்கம், முழுக்கடையும் பார்க்கும்.

எழும்பும்போது "செத்தே த்ரே போன்" என்று சொல்லுங்கள், மிகவும் நன்றாக இருந்தது என்று பொருள். அம்மா அதை மூன்று தடவை பழகிக்கொண்டு, பரிசாரகரிடம் சொல்லிவிட்டு, உள்ளேயும் சொல்லும்படி குசினிக் கதவைக் கையால் காட்டினார். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.